முகத்தின் மடிப்பும் முகத்தின் தழும்பும்: எதற்கு ஊசி, எதற்குச் சத்திரசிகிச்சை?

பரந்தன் - முல்லைத்தீவு வீதியில் அமைந்துள்ள விசுவமடு, வன்னிப் பெருநிலப்பரப்பின் விவசாயக் கிராமங்களுள் ஒன்றாகும். இங்கு வாழும் மக்களின் முகங்களில் இருவகையான கோடுகளைக் காணலாம். மிளகாய்த் தோட்டங்களிலும் வயல்வெளிகளிலும் பல்லாண்டு காலம் வெயிலில் நின்று உழைத்ததனால் விழுந்த சுருக்கங்களும் மடிப்புகளும் ஒருவகை. யுத்தகாலத்தில் எறிகணைச் சிதறல்களும் தீயும் விட்டுச்சென்ற தழும்புகள் மற்றொரு வகை. முன்னையது வயது சென்ற எல்லோரிடமும் உண்டு. பின்னையது சிலரிடமே உண்டு. ஆயினும் அச்சிலரின் வாழ்க்கையை அது இன்றும் இறுகப் பிடித்து வைத்திருக்கின்றது.

அண்மைக்காலமாக முதலாவது வகையைப் பற்றியே அதிகம் பேசப்படுகின்றது. புலம்பெயர் நாடுகளிலிருந்து கோயில் திருவிழாவுக்கும் கலியாண வீட்டுக்கும் வந்து செல்லும் உறவினர்கள், ஓர் ஊசியுடன் பத்து வயது குறைந்துவிடும் என்று சொல்லிச் செல்கின்றனர். கைத்தொலைபேசியைத் திறந்தால் கத்தியின்றி, வலியின்றி, ஒரு மணித்தியாலத்தில் முக மடிப்புகளை நீக்குவதாக விளம்பரங்கள் வந்து விழுகின்றன. மறுபுறத்தில், தழும்பு இழுப்பதனால் கண்ணிமையை மூடமுடியாமலோ வாயை முழுமையாகத் திறக்கமுடியாமலோ வாழ்பவருக்கு, "இனி அதில் ஒன்றும் செய்ய ஏலாது" என்ற பதிலே அக்கம்பக்கத்தில் கிடைக்கின்றது.

இவ்விரு கூற்றுகளும் தவறானவை. முதலாவது கூற்று ஆபத்தை மறைக்கின்றது. இரண்டாவது கூற்று உரிய சிகிச்சைக்கான வழியை அடைத்துவிடுகின்றது. எவ்வகைக் கோட்டுக்குச் சத்திரசிகிச்சை வேண்டும், எதற்கு வேண்டாம், எதற்கு எந்தச் சிகிச்சையுமே வேண்டாம் என்பதைப் பொதுமக்கள் பகுத்தறிந்து கொள்வது அவசியமாகும்.

மடிப்பு எவ்வாறு உண்டாகின்றது?

மூக்கின் இருபுறத்திலிருந்தும் வாயின் ஓரங்களை நோக்கி இறங்கும் மடிப்பு, சிரிக்கும்போது சிறு குழந்தைக்கும் தோன்றும். மேலுதட்டை உயர்த்தும் தசைகள் சுருங்குவதன் விளைவே அது. வயது செல்லச் செல்ல, சிரிக்காத வேளையிலும் அம்மடிப்பு நிலைத்துவிடுகின்றது. தோலுக்கு உறுதி தரும் கொலாஜன் என்ற புரதம் குறைகின்றது. கன்னத்தைத் தாங்கிய கொழுப்பு அடுக்கு மெலிந்து கீழிறங்குகின்றது. மேற்றாடை எலும்பும் சிறிது தேய்ந்து பின்வாங்குகின்றது. பற்களை இழந்து, பொய்ப்பற்களும் கட்டாதவர்களிடத்தில் வாயைச் சுற்றிய தோல் மேலும் உட்குழிகின்றது. ஆகவே மடிப்பு என்பது தோலின் மேற்பரப்பில் மாத்திரம் நிகழும் மாற்றமன்று. மேலே பூசப்படும் எந்தக் களிம்பும் ஆழ்ந்த மடிப்பொன்றை முற்றாக அகற்றமுடியாமைக்குக் காரணம் இதுவேயாகும்.

வயதை நாம் தடுத்துவிட முடியாது. ஆனால் வெயிலின் பங்கைக் குறைக்கலாம். அமெரிக்காவில் 28 ஆண்டுகள் பாரவூர்தி செலுத்திய 69 வயதுச் சாரதி ஒருவரின் படத்தை 2012-ஆம் ஆண்டு 'நியூ இங்கிலாந்து மருத்துவ இதழ்' வெளியிட்டது. யன்னல் கண்ணாடியை அண்டியிருந்த அவரது முகத்தின் இடதுபக்கம் தடித்து, ஆழமாகச் சுருங்கி, வலதுபக்கத்தைவிடப் பல ஆண்டுகள் முதிர்ந்ததாகக் காணப்பட்டது. ஒரே மனிதர், ஒரே வயது. வெயில் மட்டுமே வேறுபாடு. சூரிய ஒளியிலுள்ள புறஊதாக் கதிர்களுள் ஒருவகை கண்ணாடியையும் ஊடுருவிச் செல்லும். நமது நாட்டில் சாரதி ஆசனம் வலதுபக்கத்தில் இருப்பதனால் இங்கு பாதிக்கப்படுவது வலது கன்னமாக இருக்கும். கண்ணாடித் தடுப்புக்கூட இல்லாத உழவு இயந்திரச் சாரதியின் நிலையையும், நாள்முழுதும் களை பிடுங்கும் பெண்ணின் நிலையையும் சொல்லவேண்டியதில்லை. இவற்றுடன் புகைத்தலும் சேர்ந்தால் தோல் இன்னும் விரைவாக முதுமையடைகின்றது.

இங்கு ஒன்றைத் தெளிவாகச் சொல்லவேண்டும். கன்னத்து மடிப்பு ஒரு நோயன்று. உண்மையில், ஒருபக்க மடிப்பு திடீரென மறைந்து வாயும் கோணிப்போனால்தான் வைத்தியர் அஞ்சுவார். முகத் தசைகளை இயக்கும் நரம்பு செயலிழந்த முகவாதத்தின் அல்லது மூளையைத் தாக்கிய பக்கவாதத்தின் அறிகுறி அது. அவ்வாறு நேர்ந்தால் ஒரு கணமும் தாமதியாமல் வைத்தியசாலைக்குச் செல்லவேண்டும்.

சத்திரசிகிச்சையற்ற வழிமுறைகள்

முதலாவதும் மலிவானதும் வெயிலைத் தவிர்த்தலாகும். முற்பகல் பத்து மணி முதல் பிற்பகல் மூன்று மணி வரையான வெயிலே கடுமையானது. தோட்டத்துக்குச் செல்வோர் தலையில் கட்டும் துவாயும், அகன்ற விளிம்புள்ள தொப்பியும், முஸ்லிம் பெண்கள் அணியும் முக்காடும் தோலைக் காக்கும் நல்ல கவசங்களே. வசதியுள்ளோர் 30 அல்லது அதற்கு மேற்பட்ட பாதுகாப்பு அளவு குறிக்கப்பட்ட வெயிற்காப்புக் களிம்பைப் பூசலாம். வெளியில் நிற்கும்போது இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை அதை மீண்டும் பூசினாலே பயன் கிட்டும்.

இரண்டாவது, வைத்தியர் எழுதிக்கொடுக்கும் களிம்புகள். உயிர்ச்சத்து 'ஏ'யின் வழிவந்த றெற்றினொயின் என்ற மருந்து மெல்லிய சுருக்கங்களைக் குறைக்கும் என்பது ஆய்வுகளில் நிறுவப்பட்டுள்ளது. பல மாதங்கள் தொடர்ந்து பூசவேண்டும். தோல் சிவந்து உரியக்கூடும். கர்ப்பிணிகள் இதனைப் பயன்படுத்தலாகாது. ஆழ்ந்த மடிப்புக்கு இதனால் பெரும் பயன் இல்லை.

மூன்றாவது, 'பொட்டொக்ஸ்' என்ற வணிகப் பெயரால் அறியப்பட்ட பொட்டுலினம் நச்சுப்பொருள் ஊசி. மாறுகண்ணுக்கும் கண்ணிமை வலிப்புக்கும் உரிய மருந்தாக 1989-இல் அமெரிக்காவில் அனுமதிக்கப்பட்ட இது, புருவங்களுக்கு இடைப்பட்ட சுருக்கத்துக்காக 2002-இல் அனுமதி பெற்றது. தசைகளைத் தற்காலிகமாகத் தளரச் செய்வதே இதன் தொழில். மூன்று நான்கு மாதங்களில் பயன் தீர்ந்துவிடும். நெற்றிச் சுருக்கங்களுக்கும் கண்ணோரச் சுருக்கங்களுக்குமே இது பொருத்தமானது. மூக்கோரத்திலிருந்து இறங்கும் மடிப்புக்கு இதனை ஏற்றினால் சிரிப்பே கோணிப்போகலாம். "எல்லாச் சுருக்கத்துக்கும் ஒரே ஊசி" என்று எவரேனும் சொன்னால் அவருக்கு இவ்விடயம் தெரியாது என்றே கொள்ளவேண்டும்.

நான்காவது, மடிப்பை உள்ளிருந்து நிரப்பும் ஊசிகள். இவற்றுள் இன்று பெரிதும் கையாளப்படுவது ஹயலூரோனிக் அமிலமாகும். நமது உடலிலும் இயற்கையாகவே உள்ள பொருள் இது. ஏறத்தாழ ஆறு முதல் பதினெட்டு மாதங்கள் வரை பயன் நீடிக்கும். கன்ன மடிப்புக்கான சத்திரசிகிச்சையற்ற வழிகளுள் உடனடிப் பலன் தருவது இதுவே. அதேவேளை ஆபத்து மறைந்திருப்பதும் இதிலேயாகும். முகத்துக்குக் குருதியைக் கொண்டுசெல்லும் பிரதான நாடி இம்மடிப்பை ஒட்டியே செல்கின்றது. மூக்கருகில் அது கண்ணுக்குச் செல்லும் நாடிகளுடன் தொடர்புபடுகின்றது. நிரப்பி தவறுதலாக நாடிக்குள் சென்றால் அப்பகுதித் தோல் அழுகிப்போகலாம். அரிதாகப் பார்வையும் நிரந்தரமாகப் பறிபோகலாம். ஊசி ஏற்றியவுடன் கடும் வலி ஏற்படுதல், தோல் வெளிறுதல் அல்லது நீலம் பாய்தல், பார்வை மங்குதல் ஆகியன ஆபத்தின் அறிகுறிகள். ஹயலூரோனிக் அமிலத்தைக் கரைக்கும் ஹயலூரொனிடேஸ் என்ற நொதியம் உண்டு. அதைக் கையிருப்பில் வைத்திராத இடத்தில் இச்சிகிச்சையைப் பெறலாகாது.

ஊசியில்லாமல் அழுத்தத்தினால் நிரப்பியைச் செலுத்தும் பேனா போன்ற கருவிகள் இணையத்தில் விற்கப்படுகின்றன. இவற்றைப் பயன்படுத்தவேண்டாமென அமெரிக்க உணவு, ஔடத நிர்வாகம் 2021-இல் எச்சரித்தது. திரவ சிலிக்கனை முகத்தில் ஏற்றுவது இதனிலும் ஆபத்தானது. அது உடலில் கரைவதில்லை. ஆண்டுகள் கழிந்தபின்னும் கட்டிகளையும் உருக்குலைவையும் உண்டாக்கும். அதனை வெளியே எடுப்பதும் கடினம்.

ஐந்தாவது, லேசர் ஒளியும் இரசாயனத் தோலுரிப்பும். மெல்லிய சுருக்கங்களுக்கு இவை உதவும். ஆனால் நம்மைப் போன்ற கருநிறத் தோலுடையவர்களில் சிகிச்சை பெற்ற இடம் கறுத்துப்போகும் வாய்ப்பு அதிகம். வெண்ணிறத் தோலுக்கென வகுக்கப்பட்ட அளவுகளை நமது தோலில் அப்படியே பிரயோகிக்கலாகாது.

இவை தவிர, முகத்தை வெண்மையாக்கிச் சுருக்கத்தையும் போக்குவதாகக் கூறிப் பெயர்விபரமின்றி விற்கப்படும் களிம்புகள் பற்றியும் எச்சரிக்கை தேவை. இத்தகைய சிலவற்றில் பாதரசமும், சிலவற்றில் வீரியமிக்க ஸ்ரெரொயிட் மருந்தும் கலக்கப்படுகின்றன. பாதரசம் சிறுநீரகத்தைத் தாக்கும். ஸ்ரெரொயிட் தோலை மெலியச் செய்து, நாளடைவில் சுருக்கத்தை அதிகரிக்கவே செய்யும். பாதரசம் பற்றிய மினமாட்டா உடன்படிக்கையின் கீழ், பாதரசம் சேர்த்த அழகுசாதனப் பொருட்கள் அனைத்தினதும் உற்பத்தியையும் இறக்குமதியையும் ஏற்றுமதியையும் 2025-ஆம் ஆண்டுடன் நிறுத்துவதற்கு 2023-இல் இணக்கம் காணப்பட்டது. இலங்கையும் அவ்வுடன்படிக்கையில் ஒரு தரப்பாகும்.

சத்திரசிகிச்சை என்ன செய்யும்?

முதுமையினால் தொய்ந்த முகத்தை உயர்த்திக் கட்டும் சத்திரசிகிச்சை இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே செய்யப்பட்டு வருகின்றது. காதின் முன்னும் பின்னும் கீறி, தோலைப் பிரித்து, அடியிலுள்ள தசைநார்ப் படலத்தை இழுத்துத் தைத்து, மிகுதித் தோலை அகற்றுவர். தாடையோரத் தொய்வுக்கும் கழுத்துத் தொய்வுக்கும் இது சிறந்த பலன் தரும். பல ஆண்டுகள் நீடிக்கவும் செய்யும்.

ஆனால் பலரும் அறியாத ஓர் உண்மை உண்டு. மூக்கோர மடிப்பைப் பொறுத்தவரை இச்சத்திரசிகிச்சையின் பலன் மட்டுப்படுத்தப்பட்டதே. காதருகில் இழுக்கும் இழுவை, முகத்தின் நடுப்பகுதியை முழுமையாகச் சென்றடைவதில்லை. மடிப்பு தளரும், மறையாது. மடிப்பையே நேராக வெட்டித் தைப்பதும் உண்டு. அது முகத்தின் நடுவே ஒரு தழும்பை விட்டுச்செல்லும். தழும்பு தடித்து வளரும் இயல்புடைய கருநிறத் தோலில் அது மடிப்பைவிட விகாரமாகவும் அமையலாம்.

ஆபத்துகளும் இல்லாமலில்லை. தோலின் அடியில் குருதி தேங்குதல் அடிக்கடி நேரும் சிக்கலாகும். முக நரம்பு காயப்படுவது அரிது, நேர்ந்தால் பாரதூரமானது. புகைப்பவர்களில் தோல் அழுகும் அபாயம் பன்மடங்கு அதிகம் என்பதால் சில வாரங்களுக்கு முன்னரே புகைத்தலை நிறுத்துமாறு வைத்தியர்கள் வலியுறுத்துவர். கட்டுப்பாடற்ற நீரிழிவும் உயர்குருதி அமுக்கமும் உள்ளவர்கள் முதலில் அவற்றைச் சீர்செய்யவேண்டும். வீக்கமும் கண்டலும் அடங்கவே இரண்டு வாரங்கள் செல்லும்.

ஆகவே வயதினால் வந்த மடிப்பைப் பொறுத்தவரை நியாயமான முடிவு இதுதான். பெரும்பாலானோருக்கு வெயிலைத் தவிர்த்தலும் புகையை விடுதலும் போதும். அதற்கு மேல் விரும்புவோர், விளைவு தற்காலிகமானது, செலவு திரும்பத் திரும்ப வரும், ஆபத்து அரிதெனினும் உண்டு என்பவற்றை அறிந்து, தகுதிவாய்ந்த நிபுணரிடம் செல்லலாம். இதில் அவசரம் எதுவுமில்லை. கடன்பட்டு, நகை அடகுவைத்துச் செய்யவேண்டிய சிகிச்சை இதுவன்று.

தழும்பின் நிலை வேறு

தழும்பின் விடயத்தில் மேற்கூறிய நியாயம் பொருந்தாது. இங்கு தாமதமே பலருக்குக் கேடு விளைவித்திருக்கின்றது.

வன்னியில் முகத் தழும்புகள் இரண்டு வழிகளில் வந்தன. முதலாவது வழி போத்தல் விளக்கு. பொருளாதாரத் தடையும் மின்சாரமின்மையும் நிலவிய 1990-களில், வெற்றுப் போத்தலில் மண்ணெண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்குகளே வீடுகளில் எரிந்தன. சரிந்தால் எண்ணெய் சிந்தித் தீப்பற்றும். இவ்வாபத்து வடக்குக்கு மாத்திரம் உரியதன்று. நாடெங்கிலும் மின்சாரமற்ற ஏழை வீடுகளில் இருந்தது. இத்தகைய தீக்காயங்களுக்குச் சிகிச்சையளித்து மனம் நொந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, சரியாத, உருளாத, திருகுமூடியுள்ள 'சுதீபா' என்ற சிறு விளக்கை உருவாக்கினார். அதற்காக 1998-இல் சர்வதேச றோலெக்ஸ் விருது அவருக்கு வழங்கப்பட்டது.

இரண்டாவது வழி யுத்தம். 2009 ஜனவரியில் தருமபுரம், விசுவமடு பகுதிகளில் இயங்கிய வைத்தியசாலைகள் கிழக்கு நோக்கி இடம்பெயர நேர்ந்தது. அதன்பின் பாடசாலைகளிலும் தறப்பாள் கொட்டில்களிலும் சிகிச்சை நடந்தது. அவ்வாண்டு பெப்ரவரி முதல் மே வரையில் நோயாளர், காயமடைந்தோர், அவர்களின் துணைக்கு வந்தோர் என ஏறத்தாழ 14,000 பேரைச் சர்வதேச செஞ்சிலுவைச் சங்கம் கடல்வழியாக வெளியேற்றியது. உயிரைக் காப்பதே பெரும்பாடாக இருந்த அந்நாட்களில், முகக் காயத்தை நுணுக்கமாகத் தைப்பதற்கோ உரிய நேரத்தில் தோல் ஒட்டு வைப்பதற்கோ வாய்ப்பிருக்கவில்லை. தானாக ஆறவிடப்பட்ட காயம் சுருங்கிச் சுருங்கி ஆறுகின்றது. அது அருகிலுள்ள கண்ணிமையையும் உதட்டையும் கழுத்தையும் தன்னோடு இழுத்துக்கொள்கின்றது. குழந்தையின் முகம் வளரும். தழும்பு அவ்வாறு வளராது. 2009-இல் பத்து வயதாயிருந்த பிள்ளை இன்று இருபத்தைந்து வயதைத் தாண்டிவிட்டார். தொழில் தேடும் வயதும் கலியாணப் பேச்சு நடக்கும் வயதும் அது. சேலைத் தலைப்பால் கன்னத்தை மறைத்துக்கொண்டு அவ்வயதைக் கடப்பவரின் வேதனையை, முதுமைச் சுருக்கத்தை எண்ணிக் கவலைப்படுபவரின் மனக்குறையோடு ஒப்பிடமுடியாது.

தழும்புக்கான சிகிச்சைகள்

தழும்புக்கும் இருவகைச் சிகிச்சைகளும் உண்டு. சத்திரசிகிச்சையற்றவற்றுள், சிலிக்கன் தகட்டை நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணித்தியாலம் வரையில் சில மாதங்களுக்கு ஒட்டிவைத்தல், அழுத்த உடையை அணிதல், எண்ணெய் தடவி அழுத்தித் தேய்த்தல், உடற்பயிற்சி ஆகியன அடங்கும். மேலே எச்சரித்த சிலிக்கன் ஊசி வேறு, தோலின்மேல் ஒட்டப்படும் இத்தகடு வேறு, இது பாதுகாப்பானது. இவை அனைத்தும் காயம் ஆறிய முதல் ஒன்றரை ஆண்டுக்குள் கையாளப்பட்டாலே நற்பயன் தரும். எனவே இன்று தீக்காயமோ விபத்துக் காயமோ அடைபவர்கள், ஆறியவுடன் வீட்டோடு இருந்துவிடாமல் தொடர் சிகிச்சைக்குச் செல்லவேண்டும்.

காயத்தின் எல்லையையும் தாண்டித் தடித்து வளரும் தழும்பைக் 'கெலோயிட்' என்பர். கருநிறத் தோலுடையவர்களில் இது அதிகம். இதனை வெறுமனே வெட்டி அகற்றினால் முன்னையதைவிடப் பெரிதாக வளரக்கூடும். இங்கு ஊசியே முதன்மைச் சிகிச்சை. ட்ரையம்சினலோன் என்ற ஸ்ரெரொயிட் மருந்தைச் சில வாரங்களுக்கு ஒருமுறை தழும்பினுள்ளேயே ஏற்றுவர். பல ஆண்டுகள் பழைமையான கெலோயிட்டும் இதனால் தட்டையாகி, அரிப்பும் வலியும் தணிவதுண்டு.

ஆனால் கண்ணிமையை, வாயை, கழுத்தை இழுத்துப் பிடித்திருக்கும் தழும்புக்கு ஊசியும் களிம்பும் போதா. அங்கு சத்திரசிகிச்சையே வழி. மூடமுடியாத கண்ணின் வெண்படலம் காய்ந்து புண்ணாகிப் பார்வையே போகலாம் என்பதால், கண்ணிமைத் தழும்பைப் பொறுத்தவரை ஒரு வருடம் பொறுத்திருக்கவும் கூடாது. நேராக ஓடி இழுக்கும் தழும்பை ஆங்கில எழுத்தான 'இசட்' வடிவில் கீறி, இரு முக்கோணத் தோல்மடல்களை இடம்மாற்றித் தைக்கும் முறை உண்டு. கோணம் 60 பாகையாக இருந்தால், கணக்கின்படி தழும்பின் நீளம் 75 வீதம் கூடும். இழுவை தளர்ந்துவிடும். அகன்ற தழும்பாயின் அதனை விடுவித்து, காதின் பின்புறத்திலிருந்து எடுத்த தோலை ஒட்டுவர். முகத்தின் நிறத்தோடு அத்தோல் நன்கு இசையும். இச்சிகிச்சைகளுக்குக் காலாவதித் திகதி இல்லை. பதினைந்து ஆண்டுகளுக்கு முந்திய தழும்பையும் விடுவிக்கலாம்.

இங்கே இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. தழும்பைத் திருத்தும் நிபுணர், தமது கீறலை முகத்தின் இயற்கையான மடிப்புகளுக்குள்ளேயே அமைக்க முயல்வார். மடிப்பினுள் விழுந்த தழும்பு கண்ணுக்குத் தெரிவதில்லை. வசதியுள்ளவர் பணம் கொடுத்து அழிக்க விரும்பும் அதே கோடு, காயப்பட்டவருக்குத் தழும்பை மறைக்கும் இடமாகின்றது.

தழும்புள்ளவர்கள் மேலும் இரண்டு விடயங்களை மனங்கொள்ளவேண்டும். பழைய தீத்தழும்பில் ஆறாத புண் தோன்றினால், அது புற்றுநோயாக மாறியிருக்கக்கூடும், உடனே காட்டவேண்டும். உடலில் உலோகச் சிதறல்கள் இருப்பவர்கள், எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கோ முகத்துக்கான எந்தச் சிகிச்சைக்கோ செல்லுமுன் அதனை வைத்தியரிடம் கட்டாயம் தெரிவிக்கவேண்டும். சிதறல் எங்குள்ளது என்பது எக்ஸ்ரே படத்தில் தெரிந்துவிடும்.

மரபும் மார்க்கமும்

முகத்தைச் சீர்செய்யும் மருத்துவம் மேற்குலகின் புதுமோகம் என்று எண்ணுவோர் உளர். அது சரியன்று. மூக்கறுபட்டவருக்குப் புதிய மூக்கு அமைக்கும் முறையைச் சுஸ்ருத சங்கிதை விபரித்துள்ளது. திப்பு சுல்தானுடனான போரில் ஆங்கிலேயப் படைக்கு மாட்டுவண்டி ஓட்டிய கௌஸ்ஜி என்பவர் 1792-இல் சிறைப்பட்டு மூக்கையும் ஒரு கையையும் இழந்தார். அவருக்கு நெற்றித் தோலைக் கொண்டு இந்தியர் ஒருவர் மூக்கமைத்த செய்தியை 1794 ஒக்டோபரில் இலண்டன் சஞ்சிகையொன்று வெளியிட்டது. அதனைக் கண்டே 1814-இல் ஜோசப் கார்ப்பியூ என்ற சத்திரசிகிச்சை நிபுணர் இலண்டனில் அம்முறையைச் செய்துபார்த்தார். முதலாம் உலக யுத்தத்தில் முகம் சிதைந்த படையினருக்காக 1917-இல் இங்கிலாந்தின் சிட்கப் நகரில் தனி வைத்தியசாலை திறக்கப்பட்டது. ஹரல்ட் கிலீஸ் தலைமையில் அங்கு 5,000-க்கும் மேற்பட்டோருக்கு 11,000-க்கும் அதிகமான சத்திரசிகிச்சைகள் நடைபெற்றன. இன்றைய அழகுச் சத்திரசிகிச்சையின் நுட்பங்கள் பலவும் யுத்தத்தில் காயப்பட்டவர்களுக்காகக் கண்டறியப்பட்டவையே.

முஸ்லிம் வாசகர்கள் மனதில் மார்க்கம் பற்றிய வினா எழுவது இயல்பே. அழகுக்காக இறைவனின் படைப்பை மாற்றுவதை நபிமொழிகள் கண்டிக்கின்றன. அதேவேளை, குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரழி) அவர்கள் வெள்ளியால் ஒரு மூக்குச் செய்து பொருத்தியபோது அது துர்நாற்றமடையவே, பொன்னால் செய்துகொள்ளுமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்ற செய்தி அபூதாவூத், திர்மிதி, நஸாயீ ஆகிய தொகுப்புகளில் உள்ளது. 2007-இல் மலேசியாவின் புத்ராஜாயாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் சபை, தீக்காயம், விபத்து, நோய் ஆகியவற்றால் வந்த குறைகளைச் சீர்செய்வதை அனுமதித்தது. நோய் நிலையாக இல்லாதவிடத்துச் சத்திரசிகிச்சையினாலோ ஊசியினாலோ முகச்சுருக்கத்தை அகற்றுவது ஆகுமானதல்ல என்றும் அது தீர்மானித்தது. மருந்தின் மூலப்பொருள் பற்றியும் கேட்டறியலாம். பொட்டொக்ஸில் மனிதக் குருதியிலிருந்து பெறப்படும் அல்புமின் சேர்க்கப்படுகின்றது. ஹயலூரோனிக் அமில நிரப்பிகள் இன்று பெரும்பாலும் நுண்ணுயிர் நொதிப்பின் மூலம் தயாரிக்கப்படுகின்றன. கொலாஜன் நிரப்பிகள் மாட்டிலிருந்தோ பன்றியிலிருந்தோ பெறப்பட்டவையாக இருக்கலாம். இது முஸ்லிம்கள் மாத்திரமன்றி இந்துக்களும் கேட்டறியவேண்டிய விடயமாகும். ஐயமுள்ளோர் தமது உலமாக்களை நாடுவது நன்று.

கேட்கவேண்டிய கேள்விகள்

முகத்தில் ஊசியோ கத்தியோ படுமுன் எவரும் கேட்கவேண்டிய கேள்விகள் சில உள்ளன. சிகிச்சை அளிப்பவர் இலங்கை மருத்துவ சபையில் பதிவுபெற்றவரா? அவர் தோல் நோய் நிபுணரா, பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணரா? அந்நிலையம் 2006-ஆம் ஆண்டின் 21-ஆம் இலக்கத் தனியார் மருத்துவ நிறுவனங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவாகியுள்ளதா? மருந்து 2015-ஆம் ஆண்டின் 5-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைக்கப்பட்ட தேசிய ஔடதங்கள் ஒழுங்குபடுத்தும் அதிகாரசபையில் பதிவாகியுள்ளதா? அதன் பொதியை நமது கண்முன்னே திறப்பார்களா? பிழைத்துவிட்டால் யார் பார்ப்பார்கள், என்ன செய்வார்கள்? இவற்றுக்கு விடைதர மறுக்கும் இடத்திலிருந்து எழுந்து வந்துவிடலாம். அழகுக்கலை நிலையத்தில் முடி திருத்தலாம். நச்சுப்பொருளை ஊசியாக ஏற்ற அதற்கு அதிகாரமில்லை.

தழும்புள்ளவர்கள் முதலில் செல்லவேண்டிய இடம் முல்லைத்தீவு அல்லது கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையாகும். அங்கிருந்து கடிதம் பெற்று யாழ்ப்பாணம் போதனா வைத்தியசாலைக்கோ கொழும்பு தேசிய வைத்தியசாலைக்கோ செல்லலாம். அரச வைத்தியசாலையில் இச்சிகிச்சைக்குக் கட்டணம் இல்லை.

செய்யப்படவேண்டியது

கட்டணம் இல்லையென்றாலும் செலவு உண்டு. விசுவமடுவிலிருந்து யாழ்ப்பாணம் சென்றுவர ஒருநாட் கூலி போகின்றது. துணைக்கு வருபவரின் கூலியும் போகின்றது. தழும்பை விடுவிக்க ஒரு சத்திரசிகிச்சை போதாமல், இரண்டு மூன்று தடவைகள் செல்லவும் நேரலாம். கணவரை இழந்து தனித்துக் குடும்பத்தைத் தாங்கும் பெண்ணொருத்தி, தனது கன்னத்துக்காக இத்தனை நாட்களைச் செலவிட முன்வரமாட்டாள். பிள்ளைகளின் சோற்றுக்குப் பிறகுதான் தன் முகம் என்று இருந்துவிடுவாள்.

ஆகவே சிகிச்சை அவளை நோக்கிச் செல்லவேண்டும். வருடத்தில் சில தடவைகளாவது பிளாஸ்ரிக் சத்திரசிகிச்சை நிபுணர்கள் முல்லைத்தீவுக்கும் கிளிநொச்சிக்கும் வந்து தழும்புள்ளோரைப் பார்வையிடும் ஏற்பாட்டைச் சுகாதார அமைச்சும் வடமாகாண சுகாதாரத் திணைக்களமும் செய்யவேண்டும். முகத்திலும் கழுத்திலும் இழுவைத் தழும்பு உள்ளவர்களைக் கிராம மட்டத்தில் இனங்கண்டு பட்டியலிடுவதற்குக் குடும்பநல உத்தியோகத்தர்களின் உதவியைப் பெறலாம். ஊசியினால் ஆறக்கூடியவரை மாவட்ட வைத்தியசாலையிலேயே கவனிக்கலாம். சத்திரசிகிச்சை தேவைப்படுவோரைத் திகதி குறித்து அழைக்கலாம். புலம்பெயர் உறவுகளும், பள்ளிவாசல் நிர்வாகங்களும், கோயில் அறங்காவலர் சபைகளும் பயணச் செலவையும் இழந்த கூலியையும் பொறுப்பேற்கலாம். ஒருவரின் முகச்சுருக்கத்துக்கு ஒரு வருடத்தில் செலவாகும் நிரப்பி ஊசியின் பணம், வன்னிப் பெண்ணொருத்தி பலமுறை யாழ்ப்பாணம் சென்றுவரப் போதுமானது.

வயது வரைந்த மடிப்போடு மனிதர் நிம்மதியாக வாழ்ந்து முடிக்கலாம். யுத்தம் வரைந்த தழும்போடு கண்ணை மூடித் தூங்கக்கூட முடியாதவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்களில் ஒருவரை அறிந்த வாசகர் எவராயினும், "இன்னும் வழி இருக்கிறது" என்ற செய்தியை அவரிடம் இன்றே சேர்ப்பிப்பாராக.